சேனை வைக்கப் போனவள்

குழந்தையை ஜன்னல் பக்கம் பிடிக்காதே அம்மா. காற்று நேராகக் காதில் அடிக்கும். இந்தப் பக்கம் திருப்பிக்கொள். ஆமாம், அப்படித்தான். யாரோ சொல்கிறாளே என்று நினைக்காதே. முப்பத்தொரு வருஷம் சொல்லிச் சொல்லியே பழகிய வாய் இது. கிராம சுகாதார நர்சாக இருந்தேன். கயத்தாறு, கடம்பூர் பக்கம் எந்த ஊரில் போய் செண்பகம் நர்சு என்று சொன்னாலும், "அந்த அம்மாவா!" என்பார்கள்.

கோவில்பட்டிதானே? நானும் அங்கேதான். நல்லதாகப் போயிற்று.

இந்தப் பையை மடியைவிட்டு இறக்காமல் வைத்திருக்கிறேனே என்று பார்க்கிறாய். உள்ளே வெள்ளிச் சங்கு இருக்கிறது. குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு. தம்பி குழந்தைக்காகக் கொண்டுபோனேன். திருப்பிக் கொண்டுவருகிறேன். அத்தை கொண்டுபோன சங்கை அத்தையிடமே கொடுத்து அனுப்பின வீட்டை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? இருக்க மாட்டாய். கேள்.

நம் பக்கத்தில் சேனை வைப்பது உனக்குத் தெரியும். பிறந்த குழந்தை நாக்கில் சீனித்தண்ணீரோ கருப்பட்டித் தண்ணீரோ ஒரு சொட்டு. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். குணம் வருமோ வராதோ, வைக்கிற உரிமை அத்தைக்கு. என் தம்பி கோமதிநாயகம் என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பி, பாலிடெக்னிக்கில் வாத்தியார் ஆகிற வரைக்கும் நான்தான். அவன் பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் காத்திருந்தது கிடையாது.

அவன் பெண்டாட்டி தமயந்தி. பாளையங்கோட்டையில் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். கர்ப்பப்பையில் கட்டி வந்து அதை எடுத்தாயிற்று. அதற்கப்புறம் அவளுடைய சித்தி மகள் இசக்கி, ரெண்டு பிள்ளை பெற்றவள், "நான் சுமந்து தாரேன்க்கா" என்று முன்வந்தாள். கரு இவர்களுடையது, வயிறு அவளுடையது. கோர்ட்டு, டாக்டர், கையெழுத்து எல்லாம் முறைப்படி நடந்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை பேசினேன். அவ்வளவுதான்.

ஆனால் அடுத்ததாக ஒன்று சொன்னாள் பார்.

"பால் நான்தான் குடுப்பேன் மதினி."

"எந்தப் பால்?" என்றேன்.

"என் பால்தான்."

"நீ பெறவே இல்லியேம்மா."

"பெறாட்டியும் வர வைக்கலாமாம். மாத்திரை இருக்கு, மிஷின் இருக்கு. இப்பமே ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மின்வாரியத்துக்காரி இல்லியா, கரண்டு வச்சுக் கறக்கப் போறியாக்கும்" என்றேன். தம்பி சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நான் சொன்னால் சிரிப்பான்.

அந்த மாத்திரை என்ன மாத்திரை தெரியுமா? ஒன்று ஹார்மோன். இன்னொன்று வாந்திக்குக் கொடுப்பது. முப்பத்தொரு வருஷம் நான் அதை வாந்திக்குத்தான் கொடுத்தேன். வாங்கிப்போனவர்களில் ஒருத்திகூட வந்து, "நர்சம்மா, வாந்தி நின்னுட்டு, பால் வருது" என்று சொல்லவில்லை.

பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னால் உதவிக்கு என்று போனேன். போன பிறகுதான் கூத்தைக் கண்ணால் பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. போனில் மணி அடிக்கும். உடனே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உள்ளே இருந்து பால் உறிஞ்சுகிற மிஷின் கர்ரக், கர்ரக் என்று சத்தம். சாப்பாட்டுக்கு நடுவில் அடித்தால் சாப்பாடு ஆறும். விருந்தாள் வந்திருக்கும்போது அடித்தால் விருந்தாளுக்கு நான்தான் காப்பி. ஆபீஸில் பழைய மீட்டர் போட்டுவைக்கிற அறையில் உட்கார்ந்து எடுப்பாளாம். வெளியே லைன்மேன்கள் கையெழுத்துக்கு நிற்பார்களாம். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் ஒரு மாத்திரை இருந்தால் கொடுத்திருப்பேன்.

இதற்கு ஒரு நோட்டு வேறு. கட்டம் போட்டு நேரம், நிமிஷம், இடது, வலது, அளவு. முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அளவு என்கிற கட்டத்தில் பத்தொன்பது நாளும் சைபர். சைபர், சைபர், சைபர். ஒன்றும் வராத இடத்தில் ஒருத்தி நாளைக்கு எட்டுத் தடவை உட்கார்ந்து, ஒன்றும் வரவில்லை என்று எட்டுத் தடவை எழுதிவைக்கிறாள் என்றால் அவளை என்னவென்று சொல்வது, நீயே சொல். இருபதாம் நாள் ஒரு துளி. அதை, நான் ஊரில் இருக்கும்போதே, தம்பி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். கண்ணாடி போட்டு, பெரிதாக்கிப் பார்த்தேன். "வேர்வை" என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் போட்டோ வரவில்லை.

எனக்கா? இல்லை. குழந்தை இல்லை. அவர் போயே ஒன்பது வருஷம் ஆகிறது. இல்லை என்று தெரிந்ததும் இல்லை என்று இருந்துகொண்டேன். இந்த மாதிரி மிஷினும் கட்டமும் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. அதை விடு.

இப்படி ஒரு நாள் உட்கார்ந்திருக்கும்போது சங்கை எடுத்துக் காட்டினேன். "சேனைக்குன்னு வாங்கினேன்" என்றேன். வாங்கிப் பார்த்தாள், அழகாக இருக்கிறது என்றாள், மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"சேனை வேண்டாமே மதினி."

"ஏன்?"

"நீங்கதான ஊர் ஊராப் போயி வைக்கக் கூடாதுன்னு சொன்னது? எங்க கல்யாணத்துல உங்க டாக்டரம்மா அதச் சொல்லித்தான உங்களப் பாராட்டினாங்க?"

சொன்னது உண்மைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் மாசமும் தாய்ப்பால் வாரம் வரும். பொம்பளைகளை அங்கன்வாடியில் உட்கார வைத்துப் பேசுவேன். "தாய்ப்பாலே தித்திப்பு. சந்தேகம்னா ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க. அதுக்கு மேல எதுக்குட்டி சீனி?" என்பேன். கை தட்டுவார்கள். முப்பத்தொரு வருஷமும் அதே இடத்தில் கை தட்டினார்கள். ஒரு ஊரில் குருவம்மாள் என்று ஒரு பொம்பளை. பேத்தி பிறந்திருக்கிறாள். நான் உள்ளே நுழையும்போது சங்கைக் குழந்தை வாயில் வைக்கப் போனாள். ஒரு தட்டுத் தட்டினேன் பார், சங்கு முற்றத்தில் போய் விழுந்தது. அந்தப் பொம்பளை இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாளாம். அழட்டுமே. அந்த வருஷம் கலெக்டர் கையால் எனக்குச் சான்றிதழ்.

"அது ஊருக்குச் சொன்னது" என்றேன்.

"இது?"

"இது என் தம்பி பிள்ளை."

மணி அடித்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கர்ரக், கர்ரக்.

பெண் குழந்தை. மூன்று கிலோ. ஆபரேஷன் எல்லாம் இல்லை, இசக்கி சுகமாகப் பெற்றாள். நான் சங்கும் கையுமாக வராந்தாவில் நிற்கிறேன். குழந்தையைத் துடைத்து நேராகத் தமயந்தி நெஞ்சில் போட்டார்கள். அத்தை என்று ஒருத்தி நிற்பதை அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். குழந்தை வாயை வைத்துக்கொண்டு இருக்கிறது. என்ன வந்திருக்கும்? ஒன்றும் வந்திருக்காது. குழந்தைகள் விரலைக்கூடத்தான் சப்பும்.

மூன்றாம் நாள் இசக்கிக்குப் பால் கட்டிக்கொண்டது. பெற்றவள் உடம்பு இல்லையா, அது கையெழுத்தா பார்க்கும்? நெஞ்சு இரண்டும் கல்லாகி, காய்ச்சல் வந்து, கையைத் தூக்க முடியாமல் கிடக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை பக்கத்து ரூம்லதான கெடக்கு. தூக்கிட்டு வாரேன். ஒரு தடவை குடு, எல்லாம் எறங்கிரும்" என்றேன்.

"வேண்டாம் மதினி" என்றாள். "ஒரு தடவை குடுத்துட்டா எனக்கு வுட மனசு வராது. அக்கா பிள்ள அக்காட்டயே குடிக்கட்டும். நீங்க மல்லியப்பூ வாங்கிட்டு வாங்க."

பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது உனக்குத் தெரியுமோ என்னவோ. மருந்துப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, நம் பொம்பளைகளுக்குத் தெரியும். போய் நான்கு முழம் வாங்கிவந்து நானே வைத்துக் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் வருகிறது. கர்ரக், கர்ரக்.

நினைத்துப் பார் அம்மா. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வராந்தா. இந்த அறையில் தானாக வருகிற பாலை வற்ற வைக்கப் பூ. அந்த அறையில் வராத பாலை வர வைக்க மிஷின். நடுவில் பசியோடு ஒரு குழந்தை. இதற்குப் பெயர் படிப்பு.

பசியோடு என்றா சொன்னேன்? பசி இல்லை. அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். மாரில் நூல் மாதிரி ஒரு குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவது. குழாயின் மறுமுனை டின் பால் கரைத்த பாட்டிலில். குழந்தை மாரைச் சப்பும்போது குழாய் வழியாக டின் பாலும் வரும். மாரில்தான் எல்லாம் வருகிறது என்று அது நினைத்துக்கொள்ளுமாம். சப்பச் சப்ப நிஜப் பாலும் ஊறுமாம். மூன்று நாள் குழந்தையை உட்கார்ந்து ஏமாற்றுகிற குடும்பத்தை நான் அங்கேதான் பார்த்தேன். "குழாய்ப் பால் குடிக்கிற பிள்ளை" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். தமயந்தி தலையைத் தூக்காமலேயே, "ஆமா மதினி, பாதி குழாய், பாதி நான்" என்றாள். கோபமே வராது அவளுக்கு. கோபம் வராத பொம்பளையை நான் நம்புவதே இல்லை.

பதினாறாம் நாள் பேர் வைக்கிற விசேஷம். வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். அவள் பக்கத்து ஆட்கள் பத்துப் பேர், நம் பக்கம் நான். இசக்கியும் வந்திருந்தாள், புருஷன் பிள்ளைகளோடு. காதில் மூன்று தடவை பேர் சொல்வது அத்தை. சேனை வைப்பது அத்தை. இரண்டு நாள் முன்னாலேயே நான் கேட்டுவிட்டேன், "அன்னைக்குச் சங்கு வைக்கலாமா, இல்ல அதுவும் டாக்டர்ட்ட கேக்கணுமா?"

தமயந்தி யோசித்தாள். பிறகு சிரித்தாள். "வைங்க மதினி. நீங்கதான் வைக்கணும். ஆனா சீனித்தண்ணி வேண்டாம். எம் பால் எடுத்துத் தாரேன். சங்குல அத ஊத்தி நீங்க வைங்க" என்றாள்.

எவ்வளவு சாமர்த்தியம் பார். சங்கு என்னுடையது, கை என்னுடையது, பால் அவளுடையது. குணம் யாருடையது வரும்? தம்பி, "அப்புறம் என்னக்கா, உனக்கும் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம்" என்றான். வாத்தியார் வேலை பார்க்கிறான், இது புரியவில்லை.

இன்றைக்குக் காலையில் அடுப்படியில் என் கையில் ஒரு சின்னப் பாட்டில் கொடுத்தாள். இரண்டு விரல் உயரம் இருக்கும். கீழே தண்ணியாக, மேலே ஆடை திரண்டு. "லேசா வெந்நீருல வச்சு எடுத்தாச்சு மதினி. அப்படியே ஊத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள். அடுப்படியில் நானும் பாட்டிலும்.

சொல்வதற்கு என்ன. பாட்டிலை சிங்க்கில் கவிழ்த்தேன். டம்ளரில் நான் கரைத்து வைத்திருந்த சீனித்தண்ணீரைச் சங்கில் எடுத்துக்கொண்டேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். சங்கையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். முப்பத்தொரு வருஷம் நர்சாக இருந்தவள் சுத்தம் இல்லாமல் செய்வேனா? அந்தக் குருவம்மாளா நான்?

கூடத்தில் பாய் விரித்துத் தமயந்தி மடியில் குழந்தை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் பூ, பழம், பேர் எழுதி மடித்த ஒரு சீட்டு. முதலில் சங்கு, அப்புறம் பேர். நான் மண்டி போட்டு உட்கார்ந்து சங்கின் நுனியை உதட்டில் வைத்தேன். வாங்கிக்கொண்டது அம்மா. நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டது. பன்னிரண்டு வருஷம். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

"மதினி, சங்குல என்ன?"

குனிந்து பார்த்துவிட்டாள். வெள்ளி பார், அடியில் இருக்கும் வேலைப்பாடு தண்ணீரில் பளிச்சென்று தெரிகிறது.

"சேனை" என்றேன்.

"பால் எங்க?"

"கொட்டிட்டேன்."

நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதே. தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகவே சொன்னேன். "பெறாதவ மார்ல வந்ததெல்லாம் பால்னு சொல்லி என் தம்பி பிள்ளைக்கு என் கையால புகட்ட மாட்டேன்."

பத்துப் பேருக்கு முன்னால் சொல்ல வேண்டியதுதான் அது. யாராவது ஒருத்தர் சொல்லியாக வேண்டியது. ஆமாம் என்று ஒரு வாய்கூட வரவில்லை. எல்லாம் அவள் பக்கத்து ஆட்கள்.

குழந்தையை இசக்கி கையில் கொடுத்துவிட்டுத் தமயந்தி எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். சிங்க்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எவர்சில்வர் தொட்டி, ஓட்டைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் இருந்தது. விரலால் தொட்டாள். சிங்க்கைப் பார்த்து அழுகிற பொம்பளையை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"ரெண்டு நாளாச் சேத்தேன் மதினி" என்றாள். "அவ குடிச்சு முடிச்ச பெறகு, ஒவ்வொரு தடவையும் அஞ்சு மில்லி, மூணு மில்லின்னு. உங்க சங்குக்குன்னு."

நானா கேட்டேன்? நான் கேட்டது சீனித்தண்ணீர். அது மட்டும் சரி என்று சொல்லியிருந்தால் இத்தனையும் உண்டா?

அதற்குள் கூடத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. சங்கை எடுத்துவிட்டேன் அல்லவா, இன்னும் வேண்டும் என்று அழுகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் இவள் நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது ஜாக்கெட்டில், இடது பக்கம், பொட்டு அளவுக்கு நனைந்திருந்தது. பார்க்கப் பார்க்கப் பெரிதாகிறது. வாசலில் நின்ற அவள் அம்மா அதைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள், இசக்கியைக் கூப்பிட்டுக் காட்டினாள், இசக்கி விசும்பினாள். சிங்க்கில் குழாயைத் திறந்தால் தண்ணீர் தெறிக்கத்தான் செய்யும். அதற்குக் குடும்பமே நின்று அழுகிறது.

குழாயைத் திறந்தாளா என்றா கேட்கிறாய்? திறந்திருப்பாள். நான் அதையா கவனித்துக்கொண்டிருந்தேன்?

தம்பி வந்தான். ஏதாவது கத்துவான், பதிலுக்கு நானும் பேசலாம் என்று நின்றேன். அவன் கத்தவில்லை. என் பையைக் கையில் எடுத்து வைத்திருந்தான். சங்கைக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி உள்ளே வைத்தான்.

"யக்கா, மூணு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது கூட்டமா இருக்கும்" என்றான்.

நான் இன்னும் பத்து நாள் இருப்பதாகத்தான் ஏற்பாடு. துணியெல்லாம் கொடியில் காய்கிறது. அதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். சரி என்று செருப்பை மாட்டினேன். மாட்டும்போது உள்ளே பேர் வைக்கிற சத்தம். இசக்கி குரல். அத்தை சொல்ல வேண்டிய பேரை அவள் சொல்கிறாள், மூன்று தடவை. எந்த ஊரிலாவது உண்டா? தெருவில் ஒரு ஆட்டோ நின்று உறுமிக்கொண்டிருந்தது, என்ன பேர் என்று காதில் விழவில்லை. தம்பியிடம் கேட்கலாம் என்றால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியை ஓட்டினானே தவிர வாயைத் திறக்கவில்லை. போன் பண்ணுவான். பண்ணாமல் எங்கே போவான்? வளர்த்த கை இது.

இதோ உன் பிள்ளை எழுந்துவிட்டது. பசிக்கிறது அதற்கு. கொடு, இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? நான் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்கிறேன், நீ திரும்பி உட்கார். தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி. ஆ, பிடித்துக்கொண்டது பார். குடிக்கிற சத்தத்தைக் கேட்டாயா? இது பால். இதற்குத்தான் பால் என்று பேர்.

என்ன? அவள் பாட்டிலில் இருந்ததும் நிஜமாகவே பாலாக இருந்திருந்தால் என்றா?

பார்க்காமல் கொட்ட நான் என்ன விவரம் தெரியாதவளா? கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

தித்தித்தது. சீனி கலந்திருக்கிறாள். வேறென்ன?